எட்டாம் நம்பர் நெல்

குழந்தைக்கு சாமி பெயர் வைப்பார்கள். தாத்தா பெயர் வைப்பார்கள். கட்சிக்காரர்கள் தலைவர் பெயர் வைப்பார்கள். அறுபதுகளின் கடைசியில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து விவசாயி ஒருவர் தன் மகனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஐ.ஆர்.எட்டு. ஆமாம், நெல் ரகத்தின் பெயரேதான். வாய்க்கு வாகாக 'ஐரெட்டு'.

சிரிக்காதீர்கள். அந்த மனிதர் நிலத்தில் அந்த வருஷம் விளைந்த நெல்லை நீங்கள் பார்த்திருந்தால் ஒருவேளை நீங்களும் வைத்திருப்பீர்கள். அப்பன், பாட்டன் காலத்தில் காணாத மூட்டைகள். ஒரே அறுவடையில் கடன் அடைந்தது. நன்றி சொல்ல வேண்டாமா? விதைக்குச் சொன்னார்.

இந்த வாரம் அந்த விதையின் கதையைத்தான் பார்க்கப் போகிறோம். எழுபதுகளில் ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். இளைய தலைமுறைக்கு அதுவும் தெரியாது. ஆனால், இன்றைக்கு விவசாயத்தைப் பற்றி நாம் டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிற அத்தனை விஷயமும் - உரம், பூச்சிமருந்து, ருசியில்லாத அரிசி, கூலிப் பிரச்னை, வெயில் - இந்த ஒரு நெல்லின் வாழ்க்கையில் வரிசையாக வந்து போயிருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு முன்பே.

முதலில், பிரச்னை என்ன?

பழைய நெல் உயரமானது. ஆள் உயரத்துக்கு வளரும் ரகங்கள் உண்டு. அதில் தப்பில்லை. வெள்ளம் வந்தால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு பிழைக்கும். களையை அமுக்கிவிடும். மாட்டுக்கு வைக்கோல் கிடைக்கும். ஆனால் யூரியாவைக் கொட்டினால் என்ன ஆகும்? இன்னும் உயரமாகும். கதிர் கனக்கும். ஒரு காற்று, ஒரு மழை. அவ்வளவுதான், பயிர் மொத்தமும் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும். எலி தின்னும், நெல் முளைத்துவிடும். உரம் போட்ட காசு போச்சு, விளைந்ததும் போச்சு.

ஆக, உரம் இருக்கிறது, ஆனால் உரத்தைத் தாங்குகிற பயிர் இல்லை. இதுதான் 1960 வாக்கில் ஆசியாவின் நிலைமை. ஜனத்தொகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து பிலிப்பைன்ஸில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின. மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில், லாஸ் பானோஸ் என்கிற ஊரில். பெயர், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். அமெரிக்கர்களுக்கு ஆசியச் சோற்றின்மேல் ஏன் திடீர் அக்கறை என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். கம்யூனிசம். பசித்த வயிறு சிவப்பாகிவிடும் என்று பயந்தார்கள். தர்மமும் இருந்தது, கணக்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதானே உலகத்தில் பெரிய காரியங்கள் நடக்கின்றன!

பீட்டர் ஜென்னிங்ஸ் என்றொரு இளம் விஞ்ஞானி வந்து சேர்ந்தார். நெல் ரகங்களை ஒன்றோடொன்று கலந்து பார்க்கிற வேலை. 1962-ல் மொத்தம் 38 கலப்புகள் செய்தார். அதில் எட்டாவது கலப்புக்குத் தாயும் தகப்பனும் யார் என்றால், ஒன்று 'பேத்தா'. இந்தோனேசியாவில் உருவான நெட்டை. அதுவே ஒரு சீன ரகத்துக்கும் வங்காளத்து ரகம் ஒன்றுக்கும் பிறந்தது. இன்னொன்று தைவான் குள்ளன். பெயர், 'டீ-ஜியோ-வூ-ஜென்'. குட்டைக்கால், கறுத்த நுனி என்று அர்த்தம். பெயரிலேயே அங்க அடையாளத்தை வைத்துவிட்டார்கள்.

கிடைத்தது 130 விதை. முளைக்கப் போட்டார்கள். அத்தனையும் நெட்டை!

போச்சு என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால், பள்ளிக்கூடத்தில் மெண்டல் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும், அடங்கிய குணம் அடுத்த தலைமுறையில்தான் தலைகாட்டும். அந்த நெட்டைகளின் விதையை மறுபடி விதைத்தபோது சுமார் 10,000 செடிகள் வந்தன. அதில் கால்வாசி குட்டை. ஒரே ஒரு மரபணுவின் வேலை என்று புரிந்துவிட்டது. (அந்த மரபணு எது என்று சரியாகக் கண்டுபிடிக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செடியை நெட்டையாக்குகிற ஹார்மோன் ஒன்று உண்டு. அதன் உற்பத்தியில் கை வைக்கிற மரபணு அது.)

1963-ல் டெக்ஸாஸிலிருந்து ஹென்றி பீச்செல் வந்தார். குட்டைகளில் நல்ல குட்டையைப் பொறுக்குகிற வேலை இவருடையது. எட்டாவது கலப்பு, 288-வது வரிசை, மூன்றாவது செடி. அதைப் பிடித்தார். அடுத்தது, நம் ஊர்க்காரர் எஸ்.கே. டே தத்தா. அந்த விதையை வயலில் போட்டு, உரத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார். ஹெக்டேருக்கு 9 டன்னைத் தாண்டியது. பிலிப்பைன்ஸ் விவசாயி அப்போது சராசரியாக எடுத்தது ஒன்றரை டன்கூடக் கிடையாது. அதுமட்டுமல்ல, பழைய ரகம் கிட்டத்தட்ட ஐந்தரை மாதம் எடுத்துக்கொண்டால், இது சுமார் 130 நாளில் அறுவடைக்கு வந்துவிட்டது. பகல் நீளமா குட்டையா என்று பஞ்சாங்கம் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் விளைந்தது.

1966 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி மார்க்கோஸுடன் லாஸ் பானோஸுக்கே வந்துவிட்டார். நவம்பர் மாதம் ரகம் முறைப்படி வெளியானது. பெயர், ஐ.ஆர். 8. பத்திரிகைகள் 'அதிசய நெல்' என்று எழுதின. நிலையத்து வாசலுக்கு விவசாயிகள் வந்து ஆளுக்கு இரண்டு கிலோ விதை வாங்கிப் போனார்கள். வியட்நாமில் அதற்கு 'ஹோண்டா நெல்' என்று பட்டப்பெயர். ஒரு போகம் போட்டால் ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாமாம். ஜனங்கள் பெயர் வைத்தால் இப்படித்தான், நெத்தியடி!

நமக்கும் அது தேவைப்பட்ட நேரம். 1965, 1966 - அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் அடுத்த மாதம் அடுப்பு எரியும். நம்ம ஊர் சி.சுப்பிரமணியம்தான் மத்திய உணவு அமைச்சர். புது விதை, உரம், விலை உத்தரவாதம் என்று துணிந்து இறங்கினார். 1965-66-ல் இந்தியாவின் அரிசி உற்பத்தி சுமார் 3 கோடி டன். 2000-01-ல் 8.5 கோடி டன். 2022-23-ல் 13 கோடியைத் தாண்டியது. இது ஐ.ஆர்.எட்டு தனியாகச் செய்த வேலை அல்ல. ஆனால், கதவைத் திறந்தது அதுதான்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் அந்த நெல்லே வந்திருக்கக் கூடாது' என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இயற்கை விவசாயம் பேசுகிற நண்பர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். ரேஷன் க்யூவில் நின்றவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

சரி, வந்தது. விளைந்தது. சமைத்துப் பார்த்தார்கள்.

அங்கேதான் முதல் அடி. அரிசி வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்தது. ஆலையில் கொடுத்தால் நொறுங்கியது. சூடாக இருக்கும்போது சாப்பிட்டுவிட்டால் பரவாயில்லை. ஆறினால் கல். காரணம், அதன் மாவுச்சத்தில் 'அமைலோஸ்' என்கிற பகுதி அதிகம். அது அதிகமானால் சோறு உதிரியாக இருக்கும், ஆறினதும் விறைத்துக்கொள்ளும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி மெத்தென்ற சோறு வேண்டும். அங்கே சந்தையில் அதிசய நெல்லுக்கு விலை குறைவு. விஞ்ஞானிகளுக்கு இது தெரியாமல் இல்லை. முதலில் வயிறு நிறையட்டும், நாக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அன்றைய சூழ்நிலையில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு கணக்குப் புத்தகத்தில் எந்தெந்தத் தலைப்பில் வரி போடுகிறோம் என்பதுதான் பாதி விஷயம் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். தலைப்பே போடாத செலவு கணக்கில் வராது. ஆனால், பணம் போயிருக்கும். லாஸ் பானோஸ் புத்தகத்தில் ஒரே ஒரு தலைப்புதான் பெரிதாக இருந்தது. ஹெக்டேருக்கு எத்தனை டன்?

ருசி அதில் இல்லை. வைக்கோலும் இல்லை. செடி குட்டையானால் வைக்கோலும் குட்டைதானே? மாடு வைத்திருந்தவன் முழித்தான். கூரை வேய்கிறவனும் முழித்தான். நெல்லைவிட வைக்கோலுக்காகவே சில ரகங்களை விட்டுக்கொடுக்காத ஊர்கள் இருந்தன என்பதை எந்த விஞ்ஞானியும் யோசிக்கவில்லை.

ருசிப் பிரச்னைக்கு மருந்து தேடியபோது நம் ஊர் ரகம் ஒன்று கதைக்குள் நுழைகிறது. 1969-ல் வந்த ஐ.ஆர். 20. இட்லி அரிசி என்று மளிகைக் கடையில் இன்றும் கேட்டு வாங்குகிறோமே, அதேதான். அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூர்குப்பம் ஆராய்ச்சிப் பண்ணையின் பிள்ளை. அந்த டி.கே.எம். 6-க்குப் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. அதாவது கிச்சிலிச் சம்பா. 1921-ல் கோவையில் வெளியான, சாப்பாட்டுக்குப் பேர் போன ரகம். சுற்றி வளைத்து நம் பாட்டி வீட்டுச் சோறு பிலிப்பைன்ஸ் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐம்பதுகளில் ஒடிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஐ.நா.வின் உணவு அமைப்பு ஒரு கலப்புத் திட்டம் நடத்தியது. ஜப்பான் வகை நெல்லையும் இந்திய வகை நெல்லையும் சேர்ப்பது. அதில் பிறந்து மலேசியாவுக்குப் போன ஒரு ரகத்துக்கு அங்கே 'மசூரி' என்று பெயரிட்டார்கள். அது தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியாகி, 1986-ல் வெள்ளைப் பொன்னியானது. நகரத்துத் தமிழன் கூடுதல் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். வெள்ளைப் பொன்னி எப்படிப்பட்ட பயிர் தெரியுமா? உயரமானது. காற்றடித்தால் சாயும். எந்தக் குறையைப் போக்குவதற்காக உலகத்துப் பணத்தையெல்லாம் கொட்டிக் குட்டை நெல் கண்டுபிடித்தார்களோ, அந்தக் குறையோடு விளைகிற அரிசிக்குத்தான் சந்தையில் நல்ல விலை. நாக்கு லேசில் விட்டுக்கொடுக்காது.

ஆனால் நாக்கைவிடப் பெரிய வில்லன் ஒருவன் இருந்தான். அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு பூச்சி.

தஞ்சாவூர் விவசாயி அவனைப் 'புகையான்' என்பார். அருமையான பெயர். இந்தப் பூச்சி வந்தால் பச்சை வயல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, புகை பட்ட மாதிரி, தீய்ந்த மாதிரி ஆகிவிடும். தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்.

பழைய காலத்தில் புகையான் இருந்தான், ஆனால் இவ்வளவு பெரிய ஆள் இல்லை. புது நெல் அவனுக்கு விருந்து வைத்தது. நெருக்கமான நடவு, ஏராளமான தூர், உரத்தால் கொழுத்த தண்டு, வருஷம் முழுக்கத் தண்ணீர், இடைவெளி இல்லாமல் போகத்துக்குப் போகம் அதே பயிர். ஏக்கர் ஏக்கராக ஒரே ரகம். என்ன ஆகும்? அதேதான். எழுபதுகளில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம், இந்தியா என்று வயல்கள் புகைந்தன.

லாஸ் பானோஸ் சும்மா இருக்கவில்லை. 1973-ல் ஐ.ஆர். 26. புகையானைத் தாங்கும் முதல் ரகம். இதன் பெற்றோரிலும் நம் டி.கே.எம். 6 உண்டு. ஊரெல்லாம் போட்டார்கள். இரண்டு மூன்று வருஷம்தான். புகையான் பழகிக்கொண்டான். அந்த நெல்லையும் தின்னத் தெரிந்த புதிய வாரிசுகள் கிளம்பின. உடனே 1976-ல் ஐ.ஆர். 36. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் உருவாக்கியது. இவருக்கும் பீச்செலுக்கும் சேர்த்து 1996-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஐ.ஆர். 36-க்குள் ஒரு காட்டு நெல் இருக்கிறது. பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் ஆக்குகிற வைரஸ் நோய் ஒன்று புகையானால் பரவியது. அதைத் தாங்கும் நெல் எங்கேயாவது இருக்கிறதா என்று 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சலித்தார்கள். ஒன்றே ஒன்று தேறியது. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த, யாரும் பயிரிடாத ஒரு காட்டு நெல். களையென்று பிடுங்கி எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். எண்பதுகளில் ஐ.ஆர். 36 உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது. அதுவரை எந்த ஒற்றை நெல் ரகமும் அவ்வளவு நிலத்தைப் பிடித்ததில்லை.

இந்த ஓட்டப்பந்தயத்தின் நடுவில் இன்னொரு ஆயுதமும் வேலை செய்தது. பூச்சிமருந்து. இங்கேதான் நாம் இந்தோனேசியாவுக்குப் போக வேண்டும்.

சுஹார்த்தோவின் அரசாங்கத்துக்கு அரிசி என்பது சோறு மட்டுமல்ல, நாற்காலி. எழுபதுகளின் இறுதியில் உலகத்திலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடு அது. ஐ.ஆர்.எட்டை அங்கே 'பி.பி. 8' என்றார்கள். 'பேத்தா பாரு', புதிய பேத்தா. அவர்கள் ஊர்ப் பேத்தாவின் பிள்ளை அல்லவா! விதையோடு பூச்சிமருந்தையும் மலிவாகக் கொடுத்தார்கள். எவ்வளவு மலிவு? விலையில் சுமார் 80 சதவீதத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலருக்குமேல் இதில் போயிற்று. கிட்டத்தட்ட ஓசியில் கிடைத்தால் யார்தான் அளந்து தெளிப்பார்கள்? பூச்சி கண்ணில் படாவிட்டாலும் தெளித்தார்கள். 1984-ல் அரிசியில் தன்னிறைவு வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மறு வருஷம் ரோம் நகரில் உணவு அமைப்பின் மேடையில் சுஹார்த்தோ பெருமையோடு பேசிவிட்டு வந்தார்.

அடுத்த வருஷமே ஜாவாவில் வயல் புகைந்தது.

இன்னும் தெளித்தார்கள். இன்னும் புகைந்தது. ஏன் என்று ஓர் இளைஞருக்கு முன்பே தெரிந்திருந்தது. பீட்டர் கென்மோர். அமெரிக்கர். எழுபதுகளின் இறுதியில் பிலிப்பைன்ஸில், அதே லாஸ் பானோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தன் டாக்டர் பட்டத்துக்காக வயலில் குனிந்து பூச்சி எண்ணியவர். மருந்து தெளிக்காத வயலில் புகையான் கொஞ்சம்தான். தெளித்த வயலில் பல மடங்கு. விந்தையாக இருக்கிறதா? கேளுங்கள்.

புகையான் முட்டையை இலையுறைக்கு உள்ளே வைக்கிறது. மருந்து மேலே விழும், முட்டைக்குப் போகாது. ஆனால், புகையானைத் தின்கிற சிலந்தி இருக்கிறதே, அது வெளியே திரிகிறது. மருந்து பட்டவுடன் சிலந்தி செத்துப்போகும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரியும். வெளியே வருகிற குஞ்சுகளுக்குத் தின்னத் தண்டு இருக்கிறது, தின்ன வருகிறவன் இல்லை. ராஜபோகம்! ஆக, காசு கொடுத்து மருந்து வாங்கி, போலீஸ்காரனைக் கொன்றுவிட்டு, திருடனை வளர்த்திருக்கிறார்கள்.

இதை இந்தோனேசிய விஞ்ஞானிகளும் எடுத்துச் சொன்னார்கள். சுஹார்த்தோ நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால், 1986 நவம்பர் 5-ம் தேதி அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் பாராட்டியாக வேண்டும். நெல்லுக்கு அடிக்கிற 57 வகைப் பூச்சிமருந்துகளுக்குத் தடை. மூன்று வருஷத்தில் மானியமும் படிப்படியாக நின்றது. விளைச்சல் படுத்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. படுக்கவில்லை. மருந்து குறைந்தது, அரிசி கூடியது. 1989 முதல் வயல்வெளிப் பள்ளி என்று ஆரம்பித்து, விவசாயிகளை வரப்பில் உட்காரவைத்துச் சிலந்தியையும் புகையானையும் எண்ணப் பழக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட எது நண்பன், எது எதிரி என்று படம் வரைந்து விளக்கினார்கள். அந்தப் படிப்பு நம் நாடு உள்படப் பல நாடுகளுக்குப் பிறகு பரவியது.

அதற்குள் வயல் நண்டும் நத்தையும் விரால் குஞ்சும் என்ன ஆயின என்பதை எந்த அரசாங்கமும் எண்ணவில்லை. நிலமில்லாத ஏழை வீட்டுக் குழம்பில் கிடந்தது அதுதான். டன் கணக்கில் அதற்கும் தலைப்பு இல்லை.

ஏழை வீடு என்று சொன்ன பிறகு தஞ்சாவூருக்கு வராமல் இருக்க முடியாது.

1960-ல் மத்திய அரசு, நாட்டில் ஏழு மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்துத் தீவிர விவசாயத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே பொட்டலமாக. 1965-ல் ஆடுதுறை நிலையம் ஏ.டி.டி. 27-ஐ வெளியிட்டது. முன்னே சொன்னேனே, கட்டாக் கலப்புத் திட்டம், அதன் இன்னொரு பிள்ளை இது. ஒரு பக்கம் ஜப்பானிய ரகம், இன்னொரு பக்கம் அதே கிச்சிலிச் சம்பா. சுமார் 105 நாள் பயிர். குறுவைக்குக் கச்சிதம். குறுவையும் அடித்துவிட்டு, தாளடியும் நட்டுவிடலாம். கூடவே ஐ.ஆர்.எட்டும் வந்து சேர்ந்தது. மிராசுதார் களத்தில் நெல் குவிந்தது.

அந்த நெல்லை நட்டது யார்? அறுத்தது யார்? நிலமில்லாத கூலிகள். பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் கண் முன்னால்தான் குவியல் உயர்ந்தது. அவர்கள் அளவை மட்டும் உயரவில்லை. ஒரு விஷயம் கவனியுங்கள். விளைச்சல் இரட்டிப்பானால் விதை வாங்குகிறவன், உரம் விற்கிறவன், டிராக்டர் விற்கிறவன் எல்லோருடைய பங்கும் தானாகக் கூடும். கூலிக்காரன் பங்கு மட்டும் கேட்டால்தான் கூடும்.

கேட்டார்கள். செங்கொடிச் சங்கம் வைத்துக் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதலாக. மிராசுதார்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். தகராறு முற்றியது. 1968 டிசம்பர் 25. கிழக்குத் தஞ்சையில், இப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் கீழவெண்மணி. உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் அடைந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை மேல்முறையீட்டில் ஐகோர்ட் விடுதலை செய்தது.

விதைதான் வெண்மணியைக் கொளுத்தியது என்று சொன்னால் அது அபத்தம். சாதியும் நிலமும் அங்கே பல நூறு வருஷமாக உட்கார்ந்திருந்தன. ஆனால், இருந்த ஏற்றத்தாழ்வின் மேல் புதிய நெல் வந்து குவிந்தது என்பது நிஜம். இதை நான் சொல்லவில்லை. மத்திய உள்துறை அமைச்சகமே 1969-ல் ஓர் அறிக்கை தயாரித்தது. கிராமங்களில் பதற்றம் ஏன் என்று. புதிய விவசாயத்தின் லாபம் சமமாகப் பரவவில்லை, இப்படியே போனால் விபரீதம்தான் என்கிற எச்சரிக்கை அதில் இருந்தது.

'பசுமைப் புரட்சி' என்கிற சொல் பிறந்ததும் அதே 1968-ல்தான். மார்ச் மாதம், அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் காட் ஒரு கூட்டத்தில் பேசும்போது உபயோகித்தார். ரஷ்யாவின் சிவப்புப் புரட்சி போல ரத்தம் சிந்துவது அல்ல இது என்பது அவர் சொல்லவந்த பொருள். அவர் பேசி ஒன்பது மாதம் கழித்து வெண்மணி.

இதெல்லாம் பழைய கதை. ஐ.ஆர்.எட்டை நம் ஊரில் பெரிதாக யாரும் இப்போது பயிரிடுவதில்லை. அதன் பேரப்பிள்ளைகள்தான் வயலில் நிற்கின்றன. ஆனால் லாஸ் பானோஸில் அந்த விதையைக் கைவிடவில்லை. குளிர்சாதன அறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது எடுத்து நட்டும் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தபோது ஒரு சங்கடம் தெரியவந்தது. அறுபதுகளில் 9, 10 டன் கொடுத்த அதே நெல், தொண்ணூறுகளின் கடைசியில் நட்டபோது அந்தப் பக்கமே வரவில்லை. பதினைந்து சதவீதம் வரை குறைவு.

விதை கெட்டுவிட்டதா? சேமிப்பில் இருந்த பழைய விதையையும் புதிய விதையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான். விதையில் ஒரு குறையும் இல்லை.

பிறகு என்ன? நிலையத்திலேயே வருஷக்கணக்காக எழுதிவைத்த வெப்பநிலைக் குறிப்புகள் இருந்தன. 1979-லிருந்து 2003 வரை புரட்டினார்கள். பகல் வெப்பம் பெரிதாக ஏறவில்லை. சுமார் 0.35 டிகிரிதான். இரவு வெப்பம் 1.13 டிகிரி ஏறியிருந்தது. கோடைப் போகத்தில் இரவு ஒரு டிகிரி சூடானால் நெல் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது என்று 2004-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பகலெல்லாம் சம்பாதித்ததை நெற்பயிர் ராத்திரி மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இரவு மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மண்ணும் நோயும்கூட மாறியிருக்கின்றன.

வட ஆற்காட்டு ஐரெட்டுவுக்கு இப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவர் பெயருக்குக் காரணமான நெல்லை, அது பிறந்த மண்ணிலேயே, அது பிறந்த அதே விதையோடு இன்றைக்கு நட்டாலும் அவர் அப்பா பார்த்த மூட்டைகள் வராது.